காத்திருக்கும் கேள்வி பிறந்த கதை

1989 கடைசியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தமிழ்நாட்டு டேனரிகள் பயன்படுத்திவந்த மருந்து அது. 1994இல் சில அசோ சாயங்களும் தடைக்குள்ளாயின. விதி மாறியதை உடனே அறியாதவர் பதனிட்ட தோலுக்கு அங்கே விலை இல்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் செய்தி என்பது சரக்கைப் போலவே முக்கியமானது.

மாற்றம் வந்ததும் அதைத் தேவைப்பட்டவரிடம் சேர்ப்பது எப்படி? ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958 அக்டோபரில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி சொன்னார். வழக்கமான தேடலில் ஆவணங்கள் காத்திருக்கும், கேள்வி வந்து போகும். லூன் அதைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொருவரின் தேவையையும் சொற்பட்டியலாக முன்பே பதிந்து வைக்க வேண்டும். புதிய ஆவணம் வந்ததும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தியவருக்குத் தகவல் அனுப்பும். நூலகர்கள் இதை எஸ்.டி.ஐ. (தேர்ந்தெடுத்துத் தகவல் அனுப்புதல்) என்று அழைத்தார்கள்.

இத்தகைய தகவல் சேவைகளுக்காக இந்தியாவில் 1977இல் தொடங்கிய நிஸாட் என்ற தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் திட்டம், துறைக்கொரு தகவல் மையம் அமைத்தது. தோல் துறைக்கான மையம் சென்னை அடையாற்றில், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் அமைந்தது.

இணையத்தில் இதே யோசனை 2003இல் கூகுள் அலர்ட்ஸாக வந்தது. உருவாக்கியவர் ஆந்திரக் கிராமத்தில் பிறந்த நாகா கதாரு. 2011இல் எலாஸ்டிக்சர்ச் மென்பொருள், கேள்விகளையே சேமித்து வைத்து, வரும் ஆவணத்தை அவற்றோடு பொருத்திப் பார்க்கும் 'பெர்கொலேட்டர்' வசதியைத் தந்தது.

இன்றைய நிரலாளர் இதற்கு ஈவென்ட் லிசனர் எழுதுகிறார். தேடல் அட்டவணையில் ஓர் ஆவணம் சேர்ந்தாலோ, திருந்தினாலோ, நீங்கினாலோ ஒரு நிகழ்வு எழும். முன்பே பதிந்து வைத்த நிரல் ஓடும். மணிக்கொரு முறை போய்ப் பார்க்கும் வீண்வேலை இல்லை. ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். லிசனர் சேதியை வரிசையில் போட்டுவிட்டு உடனே விலக வேண்டும். கனமான வேலையை அங்கேயே செய்தால் அட்டவணை தேங்கிவிடும். லிசனர் நின்றிருந்த நேரத்து மாற்றங்கள் தவறக்கூடும் என்பதால், தினம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பும் தேவை.

தோல் துறைக்கு இந்த ஏற்பாடு இன்றும் தேவை. உடலில் படும் தோல்பொருட்களில் குரோமியம்-VI, ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் உள்ளது. அங்கே கவலைக்குரிய இரசாயனங்களின் பட்டியலும் 2008 முதல் நீண்டுகொண்டே போகிறது. ஷூ கம்பெனி நடத்துவோரே, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு இரசாயனத்தின் பெயரையும் இன்றே இப்படிப் பதிந்து வையுங்கள். அடுத்த தடை வரும் நாளில் செய்தி உங்களைத் தேடி வரட்டும்.