விடைபெறும் 'பப்ளிஷர்': பழைய பக்கக் கோப்புகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவது எப்படி?

அழைப்பிதழ், துண்டறிக்கை, செய்திமடல் போன்றவற்றை வடிவமைப்பதற்காக 1991ஆம் ஆண்டு அறிமுகமான 'மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர்' மென்பொருளை 2026 அக்டோபருடன் நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்துள்ளது. அதன் பிறகு, மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்களால் பப்ளிஷர் கோப்புகளைத் திறக்கவோ திருத்தவோ இயலாது. ஒரே முறை விலை கொடுத்து வாங்கிய பதிப்புகள் கணினியில் தொடர்ந்து இயங்கினாலும், அவற்றுக்கான ஆதரவு கிடைக்காது.

பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் செய்திமடல், சிறு பதிப்பகத்தின் நூல் எனப் பல ஆண்டு உழைப்பு இத்தகைய கோப்புகளில் அடங்கியுள்ளது. கோப்பு பயனரிடம் இருந்தாலும், அதைத் திறக்கும் சாவி மென்பொருள் நிறுவனத்திடம் உள்ளது. எனவே, பழைய மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை மாற்றிவிடுவது அவசியமாகிறது.

பேஜ்மேக்கர் தந்த பாடம்

இது புதிய சிக்கல் அன்று. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், கணினிவழிப் பக்க வடிவமைப்பைப் பரவலாக்கியது. 1994இல் ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி வாங்கியது. 2001இல் வெளியான 7.0 பதிப்பே பேஜ்மேக்கரின் கடைசி முதன்மைப் பதிப்பு. 2004இல் அதன் மேம்பாடு நிறுத்தப்பட்டது. ஆயினும், இந்தியாவின் பல அச்சகங்களும் டிடிபி மையங்களும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் அதிலேயே பணியாற்றின.

பேஜ்மேக்கருக்கு மாற்றாக அடோபி முன்வைத்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பிந்தைய பதிப்புகளில் அந்த வசதி இல்லை. 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியதால், சந்தா முடிந்தவுடன் சொந்தக் கோப்பையே திறக்க முடியாத நிலையும் உருவானது.

கேரள நாளேட்டின் முயற்சி

இந்தச் சுழலிலிருந்து ஒரு நாளேடு முழுமையாக வெளியேற முடியும் என்பதற்குக் கேரளம் எடுத்துக்காட்டாக உள்ளது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளேடான 'ஜனயுகம்', 2019இல் தனது பக்க வடிவமைப்புப் பணியைப் பேஜ்மேக்கரிலிருந்து கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு மாற்றியது. படங்களுக்கு ஜிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப் ஆகியவை பயன்படுத்தப்பட்டன. கணினிகளின் இயங்குதளம் குபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஒருங்குறி எழுத்துருக்களை ரசனா எழுத்துருவியல் நிறுவனம் வடிவமைத்தது.

இம்மாற்றத்துக்கு வழிவகுத்தது ஸ்கிரைபஸில் ஏற்பட்ட தொழில்நுட்ப முன்னேற்றமாகும். இந்திய மொழிகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்தும் இடம் மாறியும் வடிவம் பெறுகின்றன. இதைச் சரியாகக் கையாளும் திறன், 2017இல் வெளியான 1.5.3 வளர்நிலைப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் வெளியான 1.6.0 நிலையான பதிப்பில் அந்த வசதி அனைவருக்கும் கிடைத்தது.

எந்தக் கோப்பை எதில் திறக்கலாம்?

பப்ளிஷர், பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் தொகுப்பிலுள்ள 'டிரா' செயலியிலும், ஸ்கிரைபஸின் அண்மைப் பதிப்புகளிலும் திறக்கலாம். மூடிய வடிவங்களைப் படித்தறியும் நிரல்களை உருவாக்குவதற்காக 2014இல் தொடங்கப்பட்ட ஆவண விடுதலைத் திட்டத்தின் பயன் இது. குவார்க் எக்ஸ்பிரஸின் பழைய பதிப்புக் கோப்புகளையும் ஓரளவு திறக்க முடியும்.

இன்டிசைனின் மூலக் கோப்பை ஸ்கிரைபஸ் நேரடியாகத் திறக்காது. இன்டிசைன் இயங்கும் கணினியிலேயே அதை 'ஐடிஎம்எல்' என்ற பரிமாற்ற வடிவில் சேமித்து, பின்னர் ஸ்கிரைபஸில் திறக்க வேண்டும். சந்தா முடிந்த பிறகு இந்த வாய்ப்பும் இல்லாமல் போகும்.

எந்த வழியில் திறந்தாலும் பக்கம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரி முறிவு, அட்டவணை, நிழல் விளைவுகள், எழுத்து இடைவெளி ஆகியவை மாறக்கூடும். பப்ளிஷர் கோப்புகளைப் பிடிஎப் ஆக்கி, அதை வேர்டில் திறக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. படங்கள் மிகுந்த பக்கங்களில் இவ்வழியிலும் அமைப்பு குலையலாம்.

எழுத்துருவே பெரிய தடை

இந்திய மொழி ஆவணங்களுக்கு இரண்டாவது பூட்டு ஒன்றும் உண்டு. பேஜ்மேக்கர் ஒருங்குறியை ஏற்கவில்லை. ஆகவே, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் இந்திய மொழி எழுத்துருவங்களை வைத்து அச்சிடும் முறை நிலவியது. சான்றாக, பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரியும் சொல், கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே பதிவாகியிருக்கும். எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே.

இத்தகைய கோப்பைப் பிடிஎப் ஆக்கினால் பக்கம் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேட முடியாது; ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டவும் இயலாது. ஆகவே, உரையை ஒருங்குறிக்கு மாற்றாமல் பக்கத்தை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலையே.

தமிழில் டாம், டாப், பாமினி எனப் பல குறியாக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் கவனம் தேவை. பழைய முறையில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். இந்த வரிசையைக் கருதாத கருவி எழுத்துகளைச் சிதைத்துவிடும். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், அவையும் தமிழ் எழுத்துகளாக மாறிக் குழப்பம் விளைவிக்கும். ஆகவே மாற்றிய உரையை ஒருவர் படித்து மெய்ப்புப் பார்ப்பது இன்றியமையாதது.

மாற்றும் முறை

1. பட்டியல்: கோப்பின் வகை, ஆண்டு, பயன்படுத்திய எழுத்துரு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் உரையை மீட்பது கடினம்.

2. படங்கள்: பேஜ்மேக்கர், இன்டிசைன் கோப்புகளில் படங்கள் பெரும்பாலும் தனிக் கோப்புறையில் இருக்கும்; பக்கத்தில் அவற்றுக்கான இணைப்பு மட்டுமே இருக்கும். இன்டிசைனின் 'பேக்கேஜ்', பப்ளிஷரின் 'பேக் அண்ட் கோ' ஆகிய வசதிகள் படங்களையும் எழுத்துருக்களையும் ஒன்றாகத் திரட்டித் தரும்.

3. மூன்று படிகள்: மூல மென்பொருள் இயங்கும்போதே பிடிஎப் படி, தனி உரைப் படி, இயன்றால் பரிமாற்ற வடிவப் படி ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். பக்கம் எவ்வாறு இருந்தது என்பதற்குப் பிடிஎப் சான்றாக அமையும்.

4. தெரிவு: அனைத்தையும் மறுவடிவமைப்புச் செய்யத் தேவையில்லை. முடிந்துபோன இதழ்களுக்குப் பிடிஎப் படியும் ஒருங்குறி உரையும் போதும். ஆண்டுதோறும் வெளியாகும் மலர், மறுபதிப்புக் காணும் நூல் போன்றவற்றுக்கு மட்டும் ஸ்கிரைபஸில் புதிய மாதிரிப் பக்கத்தை அமைத்து உரையை இடலாம். சிதைந்து வந்த பக்கத்தைச் சீர்செய்வதைவிட இது பல நேரங்களில் விரைவானது.

5. ஒரே பதிப்பு: ஸ்கிரைபஸ் 1.6இல் சேமித்த கோப்பு பழைய 1.4 பதிப்பில் திறக்காது. ஆகவே அலுவலகத்தின் அனைத்துக் கணினிகளிலும் ஒரே பதிப்பை நிறுவுவது நல்லது.

செலவும் பயனும்

ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபிஸ் இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அச்சகங்களுக்குத் தேவையான நான்கு வண்ணப் பிரிப்பும் அச்சுக்கான பிடிஎப் தரமும் ஸ்கிரைபஸில் உள்ளன. உரிமக் கட்டணம் இல்லையெனினும் பயிற்சிக்கும் மெய்ப்புக்கும் ஆகும் நேரம் உண்மையான செலவாகும். இன்டிசைனில் பழகியவர்களுக்குத் தொடக்கத்தில் வேகம் குறையும்.

மறுபுறம், ஸ்கிரைபஸின் கோப்பு எக்ஸ்எம்எல் அடிப்படையிலான திறந்த உரைக் கோப்பாகும். அம்மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும், அதற்குள் இருக்கும் சொற்களை வேறொரு கருவியால் படித்தறிய இயலும்.

மாற்றம் முடிந்த பின்னரும் மூலக் கோப்புகளையும் பழைய எழுத்துருக்களையும் அழிக்காமல், தனி வன்தட்டில் சேமித்து வைக்க வேண்டும். பேஜ்மேக்கரோ பப்ளிஷரோ இயங்கும் பழைய கணினியை விற்பதாக இருந்தால், அதற்கு முன் அதிலுள்ள எல்லாப் பக்கக் கோப்புகளுக்கும் பிடிஎப், உரைப் படிகள் எடுக்கப்பட்டுள்ளனவா என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது.