வெள்ளையா இருந்தா குஷ்டமா?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க. பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றுகொண்டே பேசினேன். பெரியம்மா பெண்ணுக்குக் கூடிவந்த சம்பந்தம் நின்றுவிட்டதாம். பெண்ணிடம் குறை இல்லை. பெரியம்மா கையில் முப்பது வருஷமாக இருக்கும் வெள்ளைத் திட்டுதான் காரணம். "குஷ்டம் இருக்கிற குடும்பம்னு மாப்பிள்ளையோட அத்தை சொல்லிட்டாங்களாம்டா."

கோபம் வந்தது. ஆனால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிப் பார்த்தால், சின்ன வயதில் பெரியம்மா ஆற்றிக் கொடுத்த காபியை வேண்டாம் என்று தள்ளியவன்தான் நானும். யாரும் சொல்லித் தரவில்லை. 'வெண்குஷ்டம்' என்ற பெயரே சொல்லிக் கொடுத்துவிட்டது.

மறுநாள் கேன்டீனில் கன்னட நண்பரிடம் புலம்பினேன். "எங்க பாஷையில அதுக்குத் தொன்னுன்னு தனிப் பேரு. குஷ்டம் வேற" என்றார். அடுத்த வாய் சாப்பிட்டுவிட்டு, "அதுக்காக எங்க ஊர்ல சுலபமா பொண்ணு எடுத்துடுவாங்கன்னு நினைக்காதீங்க" என்றார்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. நம் சுஸ்ருத சம்ஹிதை வெள்ளைத் திட்டைக் 'கிலாசம்' என்று சொல்லி, குஷ்ட வகைகளோடுதான் சேர்க்கிறது. ஆனால் அது தோலோடு நின்றுவிடும், நீர் வடியாது என்று வித்தியாசத்தையும் சொல்கிறது. நாம் வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டோம்! மேற்கேயும் இதே கதைதான். பைபிளின் லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில், தோலில் வெள்ளைத் தடிப்பும் அதில் வெளுத்த முடியும் இருந்தால் ஆசாரியன் பார்த்துத் தீட்டு என்று தீர்ப்புச் சொல்வார். அந்த எபிரேயச் சொல் கிரேக்கத்தில் 'லெப்ரா' ஆனது. செதில் என்ற பொருளில் வந்த சொல் அது. அதுவே பிற்காலத்தில் தொழுநோய்க்குப் பெயராகிவிட்டது.

1873-ல் நார்வேயில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆக, தொழுநோய் ஒரு பாக்டீரியா வேலை. வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. தொட்டால் ஒட்டாது. குடும்பத்தில் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்றாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

சரி, பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? வெண்புள்ளி சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று வெளுத்திருக்கும். அந்த இடத்து முடியும் நரைக்கலாம். ஆனால் தொட்டால், சுட்டால், குத்தினால் எல்லாம் தெரியும். தொழுநோய்த் திட்டு முழு வெள்ளையாக இருக்காது. மங்கலாகவோ, சிவந்தோ, செம்பு நிறத்திலோ இருக்கும். அந்த இடத்தில் வியர்வை குறையும், முடி உதிரும், முக்கியமாக உணர்ச்சி குறையும். டாக்டர்கள் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்ப்பது இதற்குத்தான். தேமல் என்றால் காளான் வகை. லேசாகச் சுரண்டினால் மாவு மாதிரி செதில் வரும்.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம்ம செங்கல்பட்டிலேயே ஒரு சம்பவம். வேலூர் சிஎம்சி டாக்டர் பால் பிராண்ட், 1947-ல் அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். மடங்கிப்போன கையோடு இருந்த ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செத்த கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது! முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்கள் வேலூரில் தொடங்கியது அதன் பிறகுதான். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயமே கெடுக்கிறது என்று புரிய வைத்தவரும் அவரே.

கவனித்தீர்களா? இரண்டு நோயையும் பிரித்துக் காட்டியது தொடுதல்தான். நாம் மறுத்ததும் அதைத்தான்.

1981-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்தில் தொழுநோய் முழுசாகக் குணமாகிறது. நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்க 1898-ல் வந்த சட்டம் 2016-ல்தான் ரத்தானது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் விதி 2019-ல் நீங்கியது. வெண்குஷ்டம் என்று சொல்லாமல் 'வெண்புள்ளிகள்' என்றே சொல்ல வேண்டும் என்று தமிழக அரசும் ஆணை போட்டது. சட்டம் மாறிவிட்டது, மாப்பிள்ளையின் அத்தை மாறவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். சம்பந்தம் திரும்பக் கூடுமா தெரியாது. பெரியம்மா கையால் ஒரு காபி வாங்கிக் குடிக்க வேண்டும். முப்பது வருஷ பாக்கி அது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மெஷின் ஷாப் ஆசாமி. எல்லாத் தொழுநோயும் மரத்துப்போன திட்டோடு தொடங்காது. முகத்திட்டில் உணர்ச்சி இருக்கவும் செய்யலாம். சந்தேகம் இருந்தால் மெடிக்கல் ஷாப் களிம்பு தடவாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.