‘நாம்’ எனும் அரசும் ‘நாங்கள்’ எனும் இருவரும்

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி சமியாத்தின் 1920-21இல் எழுதிய நாவலின் தலைப்பு ஒரே ஒரு தன்மைப் பன்மைச் சொல். அதைத் தமிழாக்க முனைபவர் தலைப்பிலேயே தயங்கி நிற்பார். ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. விலக்கி நிறுத்துவது ‘நாங்கள்’. ரஷ்ய மொழியில் இந்த வேறுபாடு இல்லை. ஆயினும் டிஸ்டோபியா நாவல்களில் அரசு ஏன் தனிமனித உறவுகளில் கைவைக்கிறது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. காதலர் இருவர் ‘நாங்கள்’ என்னும்போது அரசு வெளியே நிறுத்தப்படுகிறது. அதற்குப் பொறுக்காதது அந்த விலக்கல்தான், காமம் அன்று.

சமியாத்தினின் ‘ஒற்றை அரசில்’ காமத்துக்குத் தடையே இல்லை. மக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆய்வகத்தில் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் உரிய நாள்களைக் கணக்கிட்டு அட்டவணை தருகிறார்கள். இன்ன எண்ணை விரும்புகிறேன் என்று விண்ணப்பித்தால் இளஞ்சிவப்புச் சீட்டுகள் கொண்ட புத்தகம் கிடைக்கும். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. சீட்டைக் கீழ்த்தளத்தில் காட்டிய பிறகே திரையை இறக்கலாம். எவருக்கும் எவர்மீதும் உரிமை உண்டு என்பது சட்டம். இவரைத் தவிர வேறு எவரும் வேண்டாம் என்று சொல்லத்தான் அங்கே வழியில்லை.

உடலையும் மக்கள்தொகையையும் ஆள்வதே இத்தகைய அரசுகளின் நோக்கம் என்று வாதிடலாம். அப்படியானால் ஹக்ஸ்லியும் ஆர்வெலும் நேரெதிர்ச் சட்டங்களைப் படைத்தது ஏன்? 1932இல் வந்த ஹக்ஸ்லியின் நாவலில் லெனினா நான்கு மாதமாக ஒரே ஆணுடன் பழகுகிறாள் என்று அவளைக் கண்டிப்பவள் தோழி ஃபேனி. காவலர் தேவைப்படவில்லை. ஆர்வெலின் ‘1984’இலோ, கட்சியினர் மணம் முடிக்கக் குழுவின் அனுமதி வேண்டும்; இருவருக்கும் ஈர்ப்பு இருப்பதாகத் தெரிந்தால் அனுமதி கிடையாது. ஓரிடத்தில் காமம் கடமை, மற்றோரிடத்தில் குற்றம். இரண்டிலும் தண்டனைக்குரியது ஒருவரையே தேர்ந்து பற்றிக்கொள்ளும் மனம். அதனால்தான் ஆர்வெலின் நாயகன் வின்ஸ்டனின் வாக்குமூலம் மட்டும் கட்சிக்குப் போதவில்லை. தனக்கு நேரவிருப்பது காதலி ஜூலியாவுக்கு நேரட்டும் என்று அவனைக் கதறவைத்த பிறகே விடுகிறது.

இந்த வாதத்துக்கு ஒரு திருத்தம் உண்டு. அதை எனக்குக் கற்பித்தவர் மார்கரெட் அட்வுட். அவருடைய 1985ஆம் ஆண்டு நாவலில், கிலியட் அரசு அமையும் கட்டத்தில் பெண்களின் வேலையும் வங்கிக் கணக்கும் பறிபோகின்றன. கதைசொல்லியின் பணம் அவள் கணவன் பொறுப்புக்குப் போகிறது. அவன் அன்பானவன்தான்; நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதலும் சொல்கிறான். ஆனால் அன்றிரவே, இனி ஒருவருக்கொருவர் உரியவர் அல்லர், தான் அவனுடைய உடைமை என்று அவளுக்கு உறைக்கிறது. ‘நாங்கள்’ என்பதைக் கலைக்க அரசு படுக்கையறைக்குள் வர வேண்டியதில்லை. இருவரில் ஒருவரை மற்றவரின் காவலராக்கினால் போதும்.

சமியாத்தினின் முடிவை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கதைசொல்லியான டி-503இன் மூளையிலிருந்து கற்பனையை அறுவை செய்து அகற்றுகிறார்கள். பிறகு, தான் காதலித்த ஐ-330ஐக் காற்று உறிஞ்சப்படும் கண்ணாடி மணிக்குள் வதைப்பதை அவன் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான். அவள் அவனைப் பார்த்தபடியே மயங்குகிறாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இங்கே நாவலை மூடிவிடத் தோன்றும். ஆனால் இன்னொரு பெண்ணும் உண்டு: தாய்மைக்கு விதித்த உயரத்தில் 10 செ.மீ. குறைந்த ஓ-90, சட்டத்தை மீறி டி-503ஆல் கருவுற்றவள். அவளை அரசின் எல்லையான மதிலுக்கு வெளியே அனுப்பிவைத்தவள் இதே ஐ-330. போட்டிக்காரியின் உதவி வேண்டாம் என்று முதலில் மறுத்த ஓ-90, பிறகு ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பெண்கள் இருவரும் எந்தச் சீட்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை. இந்நாவலில் அரசால் கலைக்க முடியாமல் போன உறவு இது ஒன்றே.