பிரித்தானியப் பெண் விடுதலை இயக்க வரலாற்றைப் பாதுகாத்தல்

பிரித்தானியப் பெண் விடுதலை இயக்க வரலாற்றைப் பாதுகாத்தல் என்பது 1960களின் இறுதியில் ஐக்கிய இராச்சியத்தில் எழுந்த பெண் விடுதலை இயக்கத்தின் அடித்தளக் குழுக்கள் விட்டுச்சென்ற ஆவணங்களையும், அவற்றில் பங்குகொண்ட பெண்களின் நினைவுகளையும் சேகரித்து, வகைப்படுத்திப் பேணும் பணிகளைக் குறிக்கும். இப்பணியைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே தொடங்கினர். பின்னர் பல்கலைக்கழகங்களும் பிரித்தானிய நூலகமும் இதில் இணைந்தன. இவ்வியக்கத்துக்குத் தலைமையகமோ, தலைவரோ, உறுப்பினர் பட்டியலோ இருக்கவில்லை. ஆகையால் அதன் வரலாறு சிறு குழுக்களின் தாள்களிலேயே சிதறிக் கிடந்தது.

பின்னணி

1968 ஆம் ஆண்டு டாகன்காம் நகரிலுள்ள ஃபோர்டு மகிழுந்துத் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே காலத்தில் இலண்டனிலும் பிற நகரங்களிலும் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடத் தொடங்கினர். 1969 இல் ஆக்சுபோர்டிலுள்ள ரசுகின் கல்லூரியில் நடந்த வரலாற்றுப் பட்டறை ஒன்றில், பெண்கள் வரலாறு பற்றிப் பேச விரும்புவோர் தனியே கூடலாம் என வரலாற்றாளர் சீலா ரோபாத்தம் அறிவித்தபோது அவையில் சிரிப்பொலி எழுந்தது. அங்கு கூடிய பெண்கள் முன்வைத்த எண்ணமே முதலாவது தேசிய பெண் விடுதலை மாநாடாக வளர்ந்தது. இம்மாநாடு 1970 பெப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை அதே கல்லூரியில் நடைபெற்றது. 500 க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். வரலாற்றில் பெண்களுக்கு இடமில்லை என்ற குறையே இவ்வியக்கத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது.

சம ஊதியம், கல்வியிலும் வேலையிலும் சம வாய்ப்பு, இலவசக் கருத்தடையும் கேட்டவுடன் கருக்கலைப்பும், 24 மணி நேர இலவசக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் ஆகிய நான்கும் இயக்கத்தின் முதற் கோரிக்கைகளாகும். 1978 இல் பர்மிங்காமில் நடந்த கடைசித் தேசிய மாநாட்டின்போது இவை ஏழாக உயர்ந்திருந்தன.

ஆவணங்களின் இயல்பு

இயக்கத்தின் எழுத்துகள் பெரும்பாலும் ரோனியோ இயந்திரத்தில் படியெடுத்த செய்திமடல்கள், துண்டுப்பிரசுரங்கள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியனவாகும். சுவரொட்டிகள், சட்டைப் பொத்தான் சின்னங்கள், பதாகைகள், ஒலிநாடாக்கள் என்பனவும் இவற்றுள் அடங்கும். 1974 முதல் 1990 வரை இயங்கிய சீ ரெட் பெண்கள் பட்டறையின் பட்டுத்திரை அச்சுச் சுவரொட்டிகள் பெயர்பெற்றவை.

இவ்வாவணங்கள் எளிதில் அழியக்கூடியவை. மலிவான தாள் சில பத்தாண்டுகளில் பழுப்பேறி நொறுங்குகிறது. ஒலிநாடாக்கள் ஒலித்திறனை இழக்கின்றன. இவை வீட்டுப் பரண்களிலும் கட்டிலுக்கடியிலும் பெட்டிகளில் கிடந்தமையால், உரியவர் இறக்கும்போதோ வீடு மாறும்போதோ குப்பைக்குச் செல்லும் வாய்ப்பு மிகுதி.

தலைமை கூடாது என்னும் கொள்கையும் ஆவணங்களின் வடிவத்தைத் தீர்மானித்தது. இலண்டன் குழுக்களின் 'சுரூ' இதழை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குழு தயாரித்தது. பல கட்டுரைகள் பெயரின்றியோ, முதற்பெயர் மட்டுமோ, குழுவின் பெயரோ இட்டு வெளிவந்தன. விழிப்புணர்வுக் குழுக்கள் தங்கள் உரையாடல்களைப் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை.

ஆவணகங்களும் நூலகங்களும்

பெண்ணிய நூலகம், இலண்டன்: 1975 இல் பெண்கள் ஆய்வு, வள மையம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. பொது நூலகங்களின் பகுப்பு முறை பெண்கள் தொடர்பான நூல்களுக்குப் பொருந்தாமையால் தனக்கென ஒரு பகுப்பு முறையை உருவாக்கிக்கொண்டது. பெரும் இலண்டன் மன்றம் 1986 இல் கலைக்கப்பட்டபின் நிதியுதவியை இழந்து, தன்னார்வலர்களால் நடத்தப்பட்டது. வாடகை உயர்வால் 2016 இல் வெளியேற்றப்படும் நிலை ஏற்பட்டபோது ஆதரவாளர்கள் போராடினர். 2020 இல் பெக்காம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது.

பெண்ணிய ஆவணகம்: 1978 இல் தொடங்கப்பட்ட இதன் சேகரிப்புகள் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து, முறையே லீட்சு, பிரிஸ்டல் பல்கலைக்கழகங்களில் பேணப்படுகின்றன.

கிளாசுக்கோ பெண்கள் நூலகம்: 1991 இல் நிறுவப்பட்டது. இலண்டனில் இருந்த தன்பால் விருப்புப் பெண்கள் ஆவணகம் 1995 இல் இங்கு வந்து சேர்ந்தது.

பெண்கள் நூலகம்: வாக்குரிமைப் போராட்டக் காலத்து ஆவணங்களைக் கொண்ட பழைய ஃபாசெட் நூலகத்தின் வழிவந்தது. 2012 இல் இதனைப் பராமரித்த பல்கலைக்கழகம் பொறுப்பைக் கைவிட முடிவு செய்தது. 2013 இல் இலண்டன் பொருளியல் பள்ளி இதனை ஏற்றுக்கொண்டது.

கறுப்பினப் பண்பாட்டு ஆவணகம்: 1981 இல் இலண்டன் பிரிக்சுடனில் தொடங்கப்பட்டது. ஸ்டெல்லா டாட்சியின் ஆவணங்களும், கறுப்பினப் பெண்கள் இயக்கத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பும் இங்கு உள்ளன.

வாய்மொழி வரலாறு

எழுதப்படாதவற்றை மீட்பதற்கு நேர்காணலே வழியாகும். 2010 முதல் 2013 வரை சசெக்சு பல்கலைக்கழகமும் பிரித்தானிய நூலகமும் பெண்கள் நூலகத்துடன் இணைந்து 'சகோதரித்துவமும் அதன் பின்னும்' என்னும் திட்டத்தை நடத்தின. மார்கரெட்டா ஜாலி இதற்குத் தலைமை தாங்கினார். இயக்கத்தில் பங்குகொண்ட 60 பெண்களின் வாழ்க்கை வரலாறுகள் நீண்ட நேர்காணல்களாகப் பதிவு செய்யப்பட்டன. நினைவு பிழைபடக்கூடியது என்பதால், இத்தகைய பதிவுகளை அக்காலச் செய்திமடல்களுடன் ஒப்பிட்டுப் படிப்பது ஆய்வாளர் வழக்கம்.

யாருடைய வரலாறு

தொடக்ககாலச் சேகரிப்புகளில் கல்வி கற்ற, நடுத்தர வகுப்பு, வெள்ளையினப் பெண்களின் எழுத்துகளே மிகுதி என்னும் குறை முன்வைக்கப்பட்டுள்ளது. அலுவலகங்களை இரவில் துப்புரவு செய்த பெண்களை மே ஹாப்சு என்பவர் 1970களின் தொடக்கத்தில் தொழிற்சங்கமாகத் திரட்டினார். அப்போராட்டம் 1975 இல் வெளிவந்த 'நைட்கிளீனர்சு' என்னும் ஆவணப்படத்தால் பரவலாக அறியப்படுகிறது. வட இலண்டனில் 1976 முதல் 1978 வரை நடந்த கிரன்விக் வேலைநிறுத்தத்தைக் குசராத்தி பேசும் செயாபென் தேசாய் முன்னின்று நடத்தினார். இது நெடுங்காலம் தொழிற்சங்க வரலாறாகவே எழுதப்பட்டது.

1978 இல் ஆசிய, ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் அமைப்பு உருவானது. 1979 இல், திருமணத்துக்காக இலண்டன் வந்திறங்கிய இந்தியப் பெண் ஒருவருக்குக் கீத்ரோ வானூர்தி நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனை நடத்திய செய்தி வெளிவந்தபோது, இவ்வமைப்பினர் அங்கு எதிர்ப்புப் போராட்டம் நடத்தினர். அரசு அப்போது மிகச் சில நிகழ்வுகளையே ஒப்புக்கொண்டது. குறைந்தது 80 பெண்களாவது இச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர் என்பதை அரசு ஆவணங்களை ஆராய்ந்தோர் 2011 இல் வெளிப்படுத்தினர். அரசுப் பதிவேட்டுக்கு அப்பால் போராடியவர்களின் பதிவும் ஏன் பேணப்பட வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்பேர் ரிப் எண்ணிமப்படுத்தல்

'ஸ்பேர் ரிப்' 1972 முதல் 1993 வரை வெளிவந்த பெண்ணிய இதழாகும். மார்சா ரோவும் ரோசி பாய்காட்டும் இதனைத் தொடங்கினர். வாசகர் கடிதங்களும் நாடெங்குமுள்ள குழுக்களின் செய்திகளும் இடம்பெற்றமையால் இது இயக்கத்தின் நாட்குறிப்பாகக் கருதப்படுகிறது. பிரித்தானிய நூலகம் இதன் 239 இதழ்களையும் எண்ணிமப்படுத்தி 2015 இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது.

இதற்கெனப் பங்களிப்பாளர் ஆயிரக்கணக்கானோரைத் தேட வேண்டியிருந்தது. பெயரின்றியும் குழுப்பெயரிலும் எழுதும் வழக்கத்தால் பலரைக் கண்டறிய இயலவில்லை. இதழின் உள்ளடக்கத்தில் பாதிக்கும் மேற்பட்டது, உரிமையாளர் அறியப்படாத ஆக்கங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அளித்த விதிவிலக்கின் கீழேயே வெளியிடப்பட்டது. பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து விலகியதால் இவ்விதிவிலக்கு 2020 இறுதியில் முடிவுற்றது. அதனைத் தொடர்ந்து இத்தொகுப்பு இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. தனியுடைமைப் புகழை மறுத்து எழுதியவர்களின் எழுத்துகளே, உரிமையாளர் இன்னார் எனக் காட்ட இயலாமையால் மறைக்கப்பட்டன. தாளில் அச்சான இதழ்கள் நூலகங்களில் தொடர்ந்து பேணப்படுகின்றன.

2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல நீண்டகாலம் முடங்கின. எண்ணிமப் படியை மட்டும் நம்பி மூலத் தாள்களைக் கைவிடலாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

அந்தரங்கம்

இயக்கச் செய்திமடல்கள் சில 'பெண்களுக்கு மட்டும்' என்னும் குறிப்புடன் வெளிவந்தன. கருக்கலைப்பு, குடும்ப வன்முறை, பாலியல் விருப்பு ஆகியவை பற்றி நம்பிக்கையின் பேரில் எழுதப்பட்டவை அவற்றில் உள்ளன. ஆவணப் பெட்டியில் ஒரு சிலரே படிக்கும் கடிதம் இணையத்தில் எவரும் தேடிக் கண்டெடுக்கக்கூடியதாகிறது. ஆகையால் ஆவணகங்கள் சில பகுதிகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை மூடி வைக்கின்றன. நேர்காணல் அளித்தவரின் ஒப்புதலுடனேயே பதிவுகள் வெளியிடப்படுகின்றன.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் 1974 இல் தன்பால் விருப்புப் பெண்கள் வரலாற்று ஆவணகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1988 இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஒலி, ஒளி ஆவணகம் நிறுவப்பட்டது. அம்பை என்னும் பெயரில் எழுதும் தமிழ் எழுத்தாளர் சி. எஸ். லட்சுமி இதன் நிறுவனர்களுள் ஒருவர்.

இவற்றையும் பார்க்க

பெண்ணியம்
வாய்மொழி வரலாறு
ஆவணகம்
பதிப்புரிமை
அம்பை