தட்டும் கையும் பிடிக்கும் கையும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற பேருந்து ஆதனக்கோட்டையைத் தொடும்போதே முந்திரி வறுபடும் வாசனை ஜன்னலுக்குள் வந்துவிடும். சாலையோரத்தில் பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். வறுபட்டுக் கறுத்த கொட்டையை இடக்கை விரல்கள் கல்லின் மேல் நிறுத்தும். வலக்கையிலுள்ள கட்டை ஒரு தட்டுத் தட்டும். ஓடு பிளக்கும், பருப்பு உடையாது. இத்தனைக்கும் கண் கொட்டையில் இருக்காது. வந்து நிற்கிறவரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

பார்க்கிறவர்கள் தட்டுகிற கையைத்தான் மெச்சுவார்கள். எனக்கென்னவோ பிடிக்கிற கைதான் பெரிய கெட்டிக்காரியாகப் படுகிறது. கொட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓடு எங்கே மேடு, சூடு தாங்குமா என்று அது சொன்ன பிறகே கட்டை இறங்குகிறது. இரண்டு கைக்கும் உணர்வும் உண்டு, அசைவும் உண்டு என்பது வேறு. ஆனால் நம் உடம்பில் ஓடும் இரண்டு நரம்பு வழிகளை விளக்க இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

உணர்வு வழி கீழிருந்து மூளைக்கு ஏறுகிறது. இயக்க வழி மூளையிலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான சாலை தண்டுவடம். நீளம் ஏறக்குறைய ஒரு முழம், பருமன் சுண்டுவிரல் அளவு. அதிலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகள் ஒவ்வொன்றுக்கும் முன்வேர், பின்வேர் என்று இரண்டு வேர்கள். முன்வேர் வழியாக அசைவுக்கான கட்டளை வெளியேறும். பின்வேர் வழியாக உணர்வு நுழையும். 1811இல் சார்லஸ் பெல் என்ற மருத்துவர் இதில் பாதியைச் சொன்னார். 1822இல் மஜாந்தி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நாய்க்குட்டிகளை அறுத்துப் பார்த்து முழுதாகச் சொன்னார். யார் முதலில் என்ற சண்டை வெகுகாலம் நடந்தது.

இறங்கும் வழி சுருக்கமானது. மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு நரம்பணு தன் நீண்ட இழையைத் தண்டுவடம் வரை ஒரே வீச்சில் அனுப்பும். அங்கே இன்னொரு நரம்பணு கட்டளையை வாங்கித் தசைக்குக் கடத்தும். இரண்டே கை மாறல். இழைகளில் பெரும்பகுதி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறுவதால்தான் இடப்பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் வலக்கை விழுந்துவிடுகிறது.

ஏறும் வழி இப்படி நேராகப் போவதில்லை. சேதி மூன்று கை மாறித்தான் மூளையின் மேற்பரப்பை எட்டும். பாதையும் ஒன்றல்ல. தொடுதல், அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிவு ஆகியவை நுழைந்த பக்கமாகவே ஏறி முகுளத்தில் பக்கம் மாறும். வலியும் சூடும் குளிரும் தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனேயே எதிர்ப்பக்கம் தாவிவிடும். வேகத்திலும் ஒற்றுமை இல்லை. கருவேல முள் தைத்தால் முதலில் ஒரு ‘சுருக்’. காலை இழுத்துக்கொண்ட பிறகுதான் கடுகடுப்பு வருகிறது. அந்தக் கடுகடுப்பைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளில் சேதி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. மனிதர் நடப்பதே அதைவிட வேகம்.

வழிகள் இப்படி வெவ்வேறு இடத்தில் பக்கம் மாறுவதன் விசித்திரத்தைப் பிரௌன்-செக்கார் என்ற மருத்துவர் கண்டுசொன்னார். நம்மவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன மொரிஷியஸில் 1817இல் பிறந்தவர். முதுகில் தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் வெட்டுப்பட்டால் வலக்கால் அசையாது. ஆனால் ஊசி குத்தினால் அதற்கு வலிக்கும். இடக்கால் நன்றாக நடக்கும். நெருப்பு பட்டாலும் அதற்குச் சுடாது. ஒரே வெட்டு, ஒரே உடம்பு. எந்தக் காலை நல்ல கால் என்பீர்கள்?

நாம் யோசிக்காமல் இடக்காலைத்தான் சொல்வோம். அங்கேதான் தப்பு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு தேய்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்தாலும் அந்தக் கை விடாது. அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இரு கால்களிலும் அசைவையும் உணர்வையும் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அசையாத கால்களுக்குச் சக்கரம் துணைக்கு வந்துவிட்டது. உணர்வற்ற தோலுக்கு அப்படியொரு கருவி கிடையாது. தண்டுவடம் அடிபட்டவர்களைப் படுக்கைப்புண்ணுக்கு ஆளாக்குவதில் அசைவின்மைக்குப் பங்கு பாதி. ‘புரண்டு படு’ என்று சொல்ல வலி இல்லாமல் போனது மறுபாதி.

கை விழுந்துவிட்டால் அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கால் மரத்துப்போனால் வருஷக்கணக்கில் சும்மா இருக்கிறோம். சர்க்கரை நோய்க்காரர்களிடம் பேசினால் தெரியும்: ‘நடந்துக்கிட்டே இருந்தேன், செருப்பு கழண்டதே தெரியல.’ சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏறும் வழியின் முதல் இழை, அதாவது பாதத்திலிருந்து கிளம்பும் நரம்பு, நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்தது சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவந்து, வீட்டுக்கு வந்தபின் கொப்புளத்தைப் பார்ப்பது.

மருத்துவரிடம் இரண்டு கருவிகள் உண்டு. முட்டிக்குக் கீழே தட்டும் சுத்தியலை எல்லாருக்கும் தெரியும். தட்டினால் கால் எழும்புகிறது, பார்க்க வேடிக்கை. இன்னொன்று நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை. அதைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். வலியில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.