பெயரற்ற நாடியும் இரு கப்பல் தொழிலாளரும்

'சத்திரசிகிச்சை வெற்றி, நோயாளி மரணம்' என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மருத்துவ வரலாற்றை ஒரு கலைப்பட்டதாரியின் ஆர்வத்தோடு வாசித்துச் சென்றபோது, அதே வாசகத்தைக் கேலி ஏதுமின்றி எழுதவேண்டிய ஒரு சம்பவத்தை எதிர்கொண்டேன். கழுத்தின் அடியில், மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால் மறைந்திருக்கும் நாலைந்து சென்ரிமீற்றர் நீளமான ஒரு நாடியைப் பற்றியது அது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வளைந்து திரும்பும் இடத்தில் மேல்நோக்கி மூன்று கிளைகள் பிரிகின்றன. அவற்றுள் முதலாவதே பெரியது. வலது காரையென்பு மார்பெலும்புடன் பொருந்தும் மூட்டுக்குப் பின்னால் அது இரண்டாகிறது. ஒன்று தலைக்குச் செல்லும் சிரசுநாடி. மற்றது கைக்குச் செல்லும் காரையென்கீழ் நாடி. இந்தத் தாய்க்கிளைக்குப் பழைய உடற்கூற்று நூல்கள் வழங்கிய லத்தீன் பெயரின் பொருள் 'பெயரற்றது' என்பதாகும்.

நாடியின் சுவர் நலிவுற்றுப் பை போலப் புடைத்தால், அது வெடிக்கும் நாளே நோயாளியின் இறுதி நாள். புடைப்புக்கும் இதயத்துக்கும் இடையில் நாடியைக் கட்டிவிட்டால் புடைப்பு வற்றிவிடும் என்பதை லண்டனில் ஜோன் ஹன்ரர் 1785 இல் காலின் நாடியில் செய்துகாட்டினார். ஆனால், காரையென்பின் கீழுள்ள புடைப்பு கழுத்தடி வரை பரவிவிட்டால், கட்டுவதற்கு எஞ்சியிருப்பது பெயரற்ற நாடி மட்டுமே. அதைக் கட்டினால் மூளையின் வலப்பக்கத்துக்குக் குருதி எங்ஙனம் செல்லும்?

1818 மே 11 ஆம் திகதி நியூயோர்க் மருத்துவமனையில், 32 வயதான வலன்ரைன் மொற் துணிந்து கத்தியை எடுத்தார். நோயாளி மைக்கல் பேற்மன் என்ற 57 வயது மாலுமி. ஈதர் மயக்கம் உலகறிய வந்தது 1846 இல்; கிருமியொழிப்பு முறையை லிஸ்ரர் வெளியிட்டது 1867 இல். எனவே அந்த மாலுமி விழித்த நிலையிலேயே எல்லாவற்றையும் தாங்கினார். பட்டுநூல் இறுகியதும் வலது மணிக்கட்டில் துடிப்பு அடங்கியது. சிந்தனையோ பேச்சோ குன்றவில்லை.

இது மாயமன்று. மூளையின் அடியில் நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருப்பதை ஒக்ஸ்ஃபோர்ட்டின் தோமஸ் வில்லிஸ் 1664 இலேயே விளக்கியிருந்தார். ஒரு வழி அடைபட்டால் மறுவழி ஊட்டும்.

அக்காலத்தில் நூலின் முனைகளைக் காயத்துக்கு வெளியே தொங்கவிடுவர். சீழ்ப்பிடித்து, நாடியை அறுத்துக்கொண்டு நூல் தானே கழன்றுவரக் காத்திருப்பர். அதற்குள் நாடி உள்ளே அடைபட்டிருந்தால் நோயாளி பிழைப்பார். பேற்மனின் நூலும் கழன்றது. அவர் எழுந்து நடமாடவும் செய்தார். பின்னர் குருதி பெருகியது. 26 ஆம் நாள் அவர் இறந்தார். 1822 இல் பேர்லினில் கிரேஃப் செய்த சிகிச்சையில் நோயாளி இரண்டு மாதங்களுக்கு மேல் வாழ்ந்தும் தப்பவில்லை. இவ்வாறு 46 ஆண்டுகள் கழிந்தன. ஒருவரும் நிலைத்துப் பிழைக்கவில்லை.

காரணம் என்ன? காரையென்கீழ் நாடியின் முதற்கிளைகளுள் ஒன்றான முள்ளென்பு நாடி, கழுத்தெலும்புகளின் துளைகளினூடாக ஏறி அதே மூளை வளையத்தில் சேர்கிறது. கீழிருந்து வரும் அமுக்கம் இல்லாதபோது, இடப்பக்கத்துக் குருதி அந்த வழியே தலைகீழாக இறங்கி, கட்டுப்போட்ட இடத்தை மேற்புறமிருந்து தாக்குகிறது. மூளையைக் காத்த அமைப்பே காயத்தைத் திறந்தது!

1864 மே மாதம், உள்நாட்டுப் போரில் வடபடையின் பிடியிலிருந்த நியூ ஒர்லியன்ஸ் நகரில், அன்ட்ரூ ஸ்மித் என்ற ஐரிஷ் மருத்துவர் கலப்பினத்தவரான 32 வயதுக் கப்பல் பணியாளர் ஒருவருக்கு அதே நாடியைக் கட்டினார். சிரசுநாடி வழியே குருதி திரும்பாதிருக்க அதையும் சேர்த்துக் கட்டினார். இருந்தும் இரு வாரங்களில் குருதி பீறிட்டது. காயத்தைச் சிறு ஈயக்குண்டுகளால் நிரப்பி அடக்கினார். மீண்டும் பீறிடவே, ஜூலை மாதம் முள்ளென்பு நாடியையும் கட்டினார். கசிவு நின்றது. அந்த மனிதர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தார். மொற் காலமானது 1865 இல்.

குருதி இப்படிப் பின்னோக்கி ஓடுவதை மருத்துவ உலகம் ஒரு தனி நோய்நிலையாக இனங்கண்டது 1960 அளவில்தான். காரையென்கீழ் நாடி தொடக்கத்தில் சுருங்கினால், கை தனக்கு வேண்டிய குருதியை மூளையின் பங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். கையை வருத்தி வேலை செய்யும்போது தலைசுற்றும். 1961 இல் அதற்குத் 'திருட்டு' என்றே பெயரிட்டனர். இன்று அல்ட்ராசவுண்ட் கருவி, தோலில் கீறலின்றி, குருதி ஓடும் திசையைத் திரையில் காட்டிவிடுகிறது.

வரலாற்று நூல்கள் மொற்றையும் ஸ்மித்தையும் முன்னோடிகள் என்கின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், இரத்தம் எந்த வழியால் திரும்புகிறது என்பதைத் தமது காயங்களால் காட்டிக்கொடுத்தவர்கள் அந்த மாலுமியும் அந்தக் கப்பல் பணியாளருமே. அவர்களையும் அதே வரிசையில் வைத்து எழுதுவதுதான் முறை என்பது என் கருத்து.