சென்னை காசநோய் ஆய்வு
காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று நிறுவிய ஆய்வு இது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மையம் இதை நடத்தியது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சத்தான சாப்பாடு, ஓய்வு, தாதியர் கவனிப்புடன் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளிலேயே, அரைகுறைச் சாப்பாட்டுடன் இருந்தனர். இருசாராருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற காசநோய் மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் பெரிய சந்தேகம். அதனால் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். 1959இல் வெளியான முடிவில் குணமடைந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. வீட்டிலிருந்த நோயாளிகளுடன் வசித்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஏனெனில் சிகிச்சைக்கு முன்பே தொற்று பெரும்பாலும் பரவிவிடுகிறது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது.